ஏழு அட்சரத்தில் ஒரு திரைச்சீலை: வாசகர் கேள்வி – பதில்

வீணைப் படம் அச்சடித்த திரைச்சீலையைப் பார்த்தால் எனக்குச் சங்கீதம் ஞாபகம் வருவதில்லை, கல்யாண மண்டப வாசல்தான் ஞாபகம் வருகிறது என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நான் வைத்துக்கொள்கிறேன், கேள்விகளுக்கு இங்கே பதில்.

அக்கா, புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். மகள் ஹாலில் உட்கார்ந்துதான் வயலின் சாதகம் செய்கிறாள். அந்த ஹாலுக்கு இசை சம்பந்தமாக, கைத்தறியிலேயே திரைச்சீலை நெய்து மாட்ட ஆசை. படம் வேண்டாம் என்கிறீர்கள், அப்புறம் என்னதான் போடுவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

எண்ணிக்கையைப் போடுங்கள்.

பாவு, அதாவது நீளவாக்கு இழை ஓட்டும்போது இத்தனை இழை அரக்கு, அப்புறம் இத்தனை இழை சந்தனம் என்று எண்ணித்தான் ஓட்டுகிறார்கள். தறியில் உட்கார்ந்தவரும், குறுக்கு இழையான ஊடையைக் கொண்டுபோகும் நாடா இத்தனை தடவை போனால் ஊடை நிறம் மாற்ற வேண்டும் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கோபம் வரும். உங்கள் மகள் தொடையில் தட்டித் தாளம் எண்ணும்போது கூப்பிட்டுப் பாருங்கள், அதே கோபம்தான் வரும். படம் துணியின் மேலே உட்காரும். தாளம் துணிக்குள்ளேயே போகும், ஏனென்றால் நெய்வதும் தாளம் போடுவதும் ஒரே எண்ணும் வேலை.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, 4+2+2. கையில் என்ன செய்கிறோம்? ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஆக மூன்றே மூன்று செய்கை. துணியிலும் மூன்று விஷயம் போதும்: தட்டுக்கு அழுத்தமான நிறத்தில் பட்டை, விரலுக்கு மெல்லிய கம்பி, வீச்சுக்கு நிறமே வேண்டாம், கொஞ்சம் தடித்த ஊடை நூலைப் போட்டு ஒரு மேடு மட்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அந்த மேடு கண்ணுக்குத் தெரியும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். எனக்கு இந்த மூன்றில் பிடித்தது அதுதான்.

இனி நான் பண்ணிய தப்பைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பல வருஷம் முன்பு ஒரு வீட்டுக்கு மிச்ர சாபு தாளத்தில், 3+4 என்று ஏழு அட்சரம், திரைச்சீலை போட்டேன். 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 40 இழை, மொத்தம் 1920 இழை. ஓர் அட்சரத்துக்குப் பத்து இழை, ஏழு அட்சரத்துக்கு 70. 27 ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் 27 முழுச் சுற்றுக்கு, 1890 போக மிச்சம் 30, அதைக் கரைக்குப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தாகிவிட்டது. கணக்கு அப்படி உட்கார்ந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொண்டுபோய் வளையத்தில் மாட்டியதும் துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, நாலடி அகலம் இரண்டடி ஆகி, மூன்றும் நாலும் மடிப்புக்குள் காணாமல் போய்விட்டன. அந்த வீட்டுப் பெரியவர் மிருதங்கம் தெரிந்தவர். பார்த்துவிட்டு "கோடு நல்லா இருக்கும்மா" என்றார்.

திரைச்சீலை என்றால் பாவில் தாளம் வைக்கக் கூடாது, ஊடையில் வைக்க வேண்டும். குறுக்குப் பட்டை மடிப்பில் நெளியுமே தவிர மறையாது. உங்கள் சன்னலுக்கு ஏழடித் திரை, அதாவது 84 அங்குலம் வேண்டுமென்றால் ஓர் அட்சரத்தை ஓர் அங்குலமாக வையுங்கள், மிச்ர சாபு சரியாக 12 ஆவர்த்தனம் வரும். மேலே கீழே மடித்துத் தைக்கும் துணி தனி. ஆதி தாளம் இந்த உயரத்துக்குப் பத்தரை ஆவர்த்தனம் ஆகிவிடும், பாதியில் நிற்கும், வித்வான் யாராவது வீட்டுக்கு வந்தால் அவருக்கு உறுத்தும். படுக்கை விரிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, தட்டையாகக் கிடப்பதால் பாவிலேயே வைக்கலாம்.

இன்னொன்று. எல்லாப் பாட்டும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுப்பதில்லை, அரை இடம் தள்ளி எடுப்பு வரும். துணியிலும் முதல் பட்டையை ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஆரம்பியுங்கள். ஏதோ ஒரு இழுப்பு வந்துவிடும். ஏன் என்று தெரியாமலே வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டாம் தடவை பார்ப்பார்கள்.

நான் நெசவாளர் வீட்டுப் பையன். சாயங்காலம் மிருதங்க வகுப்புக்கும் போகிறேன். தாத்தா தறியில் கோர்வை என்கிறார், வகுப்பில் வாத்தியாரும் கோர்வை என்கிறார். இரண்டும் ஒன்றா?
– திருபுவனம் வாசகர்

தம்பி, சொல் ஒன்று, கோர்ப்பது என்பதிலிருந்து வந்தது. தாத்தா சொல்லும் கோர்வையில் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம், அதனால் மூன்று நாடா ஓடுகிறது, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துத் திரும்புகின்றன. அதற்காகத்தான் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காருவது. வாத்தியார் சொல்லும் கோர்வையில் ஒரு சொற்கட்டை, அதாவது தகதிமி மாதிரி ஒரு சொல் வரிசையை, மூன்று தடவை வாசித்து, நடுவில் இடைவெளி விட்டு, கணக்காகச் சமத்தில் வந்து சேர்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் உன் மாதிரி இரண்டும் கைவசம் இருக்கிறவன் சும்மா இருக்கக் கூடாது.

இப்படிச் செய்து பார். 16 அங்குலக் குஷன் உறை. அரை அங்குலம் ஒரு மாத்திரை என்று வை, 32 மாத்திரை, அட்சரத்துக்கு நாலு மாத்திரையாகப் பிரித்த ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று. இப்போது கோர்வை: 10, இடைவெளி 1, 10, இடைவெளி 1, 10. கூட்டு, 32 வரும். அந்தப் பத்தையும் 4, 3, 2, 1 என்று குறைத்துக்கொண்டே போ, இதற்குக் கோபுச்ச யதி என்று பெயர். யதி என்றால் சொற்கட்டுகளின் நீளம் கூடிக் குறையும் வடிவம். துணியில் அது இரண்டு அங்குலம் அரக்கு, ஒன்றரை அங்குலம் சந்தனம், ஓர் அங்குலம் அரக்கு, அரை அங்குலம் சந்தனம், பிறகு இடைவெளிக்கு அரை அங்குலம் கறுப்பு. இதை மூன்று முறை, கடைசி முறை மட்டும் கறுப்பு வேண்டாம். 33ஆவது மாத்திரைதான் சமம், அது குஷனின் ஓரத் தையலில் வந்து விழும். அந்த ஓரத்துக்கு ஒரு சிவப்பு நாடாத் துணி வைத்துத் தைத்துவிடு, போதும், தட்டு விழுந்த மாதிரி இருக்கும்.

யதிகளை வைத்தே ஒரு வீட்டுக்கு வேண்டிய துணி முழுக்கப் பண்ணலாம். மாட்டு வால் மாதிரி அகலத்தில் ஆரம்பித்துக் குறுகுவது கோபுச்சம். மிருதங்க யதி இரண்டு முனையும் சிறுத்து நடுவில் பெருத்தது, சாப்பாட்டு மேசை விரிப்புக்கு அளவெடுத்தது போல இருக்கும். டமரு அதற்கு நேர் எதிர். ஆறு மாதிரி போகப்போக அகலமாவது ஸ்ரோதோவகம், இதைத் திரைச்சீலையில் மேலிருந்து கீழே வைத்தால் எடுப்பாக இருக்கும். (நம் காவிரி கல்லணைக்கு வந்ததும் விரிவதில்லை, கொள்ளிடம், வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதற்கு ஒரு யதி யாராவது கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.)

திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் ஏழு கிழமைகளின் கிரகங்களுக்கும் பாடிய கீர்த்தனைகள் ஏழு தாளங்களில் இருக்கின்றன. ஞாயிறிலிருந்து சனி வரை அட்சரக் கணக்கு 14, 10, 6, 10, 7, 14, 4. கிழமைக்கு ஒன்றாக ஏழு மேசை விரிப்பு நெய்து பார்க்கவேண்டும் என்று எனக்கே ரொம்ப நாளாக ஆசை, நேரம்தான் கிடைக்கவில்லை. நீ செய்.

ஒலியைப் பதிவு செய்து அதன் வடிவத்தையே நெய்ய முடியுமா? கம்ப்யூட்டரில் அலை அலையாக வருகிறதே, அதை அப்படியே?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முடியும். ஆனால் அந்த அலைவடிவப் படத்தை எடுக்காதீர்கள். நாதஸ்வரமும் மிக்ஸி சத்தமும் அதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முள்ளு முள்ளாகத்தான் இருக்கும். ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு பார்வை உண்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே வரும். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் சுருதியின் ஏற்ற இறக்கம், எந்த இடத்தில் ஒலி பலமோ அங்கே பிரகாசம். இது தறிக்கென்றே செய்தது போன்ற படம், ஏனென்றால் தறியிலும் ஊடை ஒவ்வொன்றாக ஏற ஏறத்தான் நேரம் போகிறது.

கணக்கு மட்டும் கையைக் கடிக்கும். ஜக்கார்டு பெட்டி என்பது ஓட்டை போட்ட அட்டையைப் பார்த்து எந்தப் பாவு இழை உயரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கருவி. 240 கொக்கிப் பெட்டி என்றால் குறுக்கே 240 புள்ளிதான் கிடைக்கும், அங்குலத்துக்கு 40 இழையில் அது ஆறு அங்குலம். நீளத்தில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அங்குலத்துக்கு 40 ஊடை வீதம் ஐந்தடிச் சுவர்த் தொங்கலுக்கு 2400 அட்டை குத்த வேண்டும். ஓர் ஊடைக்கு நூறில் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால் இத்தனை அட்டைக்கும் உங்களுக்குக் கிடைப்பது 24 வினாடி. மொத்தக் கச்சேரியையும் நெய்கிறேன் என்று கிளம்பாதீர்கள்! கோயில் மணியின் ஒற்றை அடி, அதன் ரீங்காரம் அடங்கும் வரை, அது போதும். அல்லது தோடியில் ஒரு காந்தாரம். சங்கராபரணத்துக் காந்தாரத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் பாருங்கள், சங்கராபரணத்துடையது கிட்டத்தட்ட நேராகப் போகும், தோடியுடையது பாம்பு மாதிரி நெளியும். அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் கிராஃப் தாளில் எடுத்துக்கொண்டு மற்ற மங்கல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அட்டை குத்துகிறவர் உங்களை வாழ்த்துவார்.

அட்டை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1725இல் பிரான்சின் லியோன் நகரில் பாசில் பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளால் தறியின் இழைகளைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். அவர் ஆர்கன் வாத்தியம் செய்கிறவரின் மகன். தானாக வாசிக்கும் ஆர்கனில் எந்தச் சுரம் எப்போது என்பதை முன்கூட்டியே குறித்துவைக்கும் வேலையைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அவருக்குப் பின் தறியைத் தானியங்கியாக்க முயன்ற வோகான்சன், 1738இல் பாரீசில் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மையைக் காட்டி ஊரை வாய்பிளக்க வைத்தவர். இதற்கெல்லாம் பிறகுதான் 1804இல் ஜக்கார்டு. ஆகவே இசையிலிருந்து துணிக்குப் போகும் உங்கள் யோசனை புதிது என்று பேராசிரியரிடம் சொல்லாதீர்கள்.

மிருதங்கத் தோலின் மேல் மணல் தூவினால் கோலம் மாதிரி வரும் என்று கேள்விப்பட்டேன். அதை நெய்யலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகர்

வரும். சர் சி.வி. ராமன், 1888இல் உங்கள் திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர், 1934இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் செய்து காட்டினார். தோல் அதிராத கோடுகளில் மணல் போய் ஒதுங்கும். நடுவில் அப்பும் கறுப்புப் பசையால்தான் (சாதம் என்பார்கள்) மிருதங்கத்துக்குச் சாதாரண மேளங்களில் இல்லாத சுருதிச் சுத்தம் கிடைக்கிறது என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம்.

நெய்வது பற்றி: வட்டம் தறிக்குப் பிடிக்காது. இழைகள் நேர்க்கோட்டில் போகிறவை, வட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக நெய்தாலும் கிட்டே போனால் படிக்கட்டுதான். பெரிய அளவில், தடித்த நூலில், படிக்கட்டு தெரியட்டும் என்று துணிந்து செய்தால் தரைவிரிப்பாக நன்றாக இருக்கும். சின்னக் குஷனில் முயன்றால் பிய்ந்த பூ மாதிரி இருக்கும்.

எங்கள் ஹாலில் டைல்ஸ், கண்ணாடி சன்னல், உயரமான தளம். டிவியில் பேசுவது புரியவில்லை, எல்லாம் எதிரொலி. கனமான கைத்தறித் திரை போட்டால் சரியாகுமா? எதிரே மண்டபம் வேறு, முகூர்த்த நாளில் ஒலிபெருக்கி.
– மயிலாடுதுறை வாசகர்

முதல் பாதிக்கு ஆம், இரண்டாம் பாதிக்கு இல்லை. இதைக் கடைக்காரர்கள் கலந்துகட்டி விற்கிறார்கள். துணி அறைக்குள் இருக்கும் ஒலியை உறிஞ்சும், வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. தவில் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத சன்னலும் வேண்டும். முகூர்த்த நாளில் நீங்களும் சாப்பிடப் போய்விடுவது உத்தமம்.

எதிரொலிக்கு: துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். கொசுவலை மாதிரி காற்று சுலபமாகப் போனால் பயனில்லை. ரெக்சின் மாதிரி போகவே இல்லையென்றால் ஒலி பட்டுத் திரும்பிவிடும். சிரமப்பட்டுப் போக வேண்டும், இழைகளுக்கு நடுவே காற்று உரசிக்கொண்டு நுழையும்போதுதான் ஒலியின் சக்தி தேய்கிறது. சன்னலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பேச்சு புரிவதற்கு முக்கியமான 1000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 செ.மீ., அதில் கால் பங்கு தூரத்தில்தான், அதாவது சுவரிலிருந்து எட்டரை செ.மீ. தள்ளி, காற்று அதிகம் அசைகிறது. துணி அங்கே நின்றால்தான் வேலை செய்யும். தணிந்த சுருதிக்கு, உதாரணமாக மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு, இந்த இடைவெளியும் போதாது.

ஒலிக்காகவே நெய்வது புதிய விஷயமும் இல்லை. ஜெர்மனியின் பாஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்த ஆனி ஆல்பர்ஸ், 1930 வாக்கில் பெர்னாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்குச் சுவர்த்துணி நெய்தார். முன்பக்கம் செலோபேன் இழை, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப. பின்பக்கம் பஞ்சுபோன்ற நூல், ஒலியை உறிஞ்ச. அவருடைய பட்டயத்துக்கான வேலையே அதுதான். ஒரு சுர அடையாளமும் அதில் இல்லை, ஆனால் நான் பார்த்த இசைத்துணி யோசனைகளில் அதைவிட ஒழுங்கானது கிடையாது.

எந்த ராகத்துக்கு எந்த நிறம்? பட்டியல் தர முடியுமா?
– நன்னிலம் வாசகி

தர மாட்டேன். 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவர் சுரங்களுக்கு நிறம் சொல்லியிருக்கிறார்: சட்ஜத்துக்குத் தாமரை, காந்தாரத்துக்குப் பொன், மத்தியமத்துக்கு மல்லிகை வெண்மை, நிஷாதத்துக்குப் பல நிறக் கலவை. வேண்டுமானால் அதிலிருந்து ஆரம்பியுங்கள், ஆனால் கல்யாணி என்றால் மஞ்சள்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரிடம் மஞ்சள் நூல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

கோரைப்பாயில் இதெல்லாம் வருமா?
– முசிறி வாசகர்

அருமையாக வரும். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. நூலை உங்கள் இஷ்டத்துக்கு நிறம் மாற்றினாலும் கோரை மூடிவிடும், அதனால் தாளம் கோரையில்தான், பாயின் நீளவாக்கில்தான் போகும். சாயம் போட்ட கோரையைத் தட்டுக்கு வையுங்கள், மீதிக்கு இயற்கை நிறமே போதும். மூன்று நிறத்துக்கு மேல் போனால் திருவிழாக் கடை.

அம்மா, எங்கள் வீடு தறி வீடு. பிறந்ததிலிருந்து அந்த 'டக் டக்' கேட்டுத்தான் தூங்கினேன். இப்போது தெருவில் நாலு தறிதான் ஓடுகிறது, அதில் ஒன்று அப்பாவுடையது. அந்தச் சத்தத்தையே ஒரு துணியாகப் பண்ண வழி இருக்கிறதா? வீட்டுக்கு ஒரு கட்டில் விரிப்பு, அவ்வளவுதான்.
– தாராசுரம் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

ஒலிப்பதிவு, ஸ்பெக்ட்ரோகிராம் எதுவும் வேண்டாம். மிதி, நாடா, அச்சுப் பலகை, இந்த மூன்று சத்தமும் ஒவ்வோர் ஊடையிலும் ஏற்கெனவே இருக்கின்றன, அதை மறுபடி படம் வரைய வேண்டியதில்லை. உங்கள் காதில் நிற்பது நிற்காத சத்தம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன், அது நின்று நின்று போகும் இடங்களும்தான். நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும் ஒரு நிமிஷம் அமைதி, புதுத் தார் போட்டதும் மறுபடி. இழை அறுந்தால் நீண்ட அமைதி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அதைவிட நீளம்.

எனவே அப்பாவிடம் வெறும் சாதா நெசவு கேளுங்கள், ஒரே பழுப்பு வெள்ளையில். ஆனால் சாயம் போடும்போது அதே நிறத்தில் மூன்று நூல் கழிகளை மட்டும் மயிரிழை அளவு அழுத்தமாக எடுத்துத் தாரில் சுற்றி, மற்ற தார்களோடு மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரு தார் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு பட்டை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். இழை அறுந்து தறி நின்ற இடத்தில் ஒரேயொரு சிவப்பு ஊடை. சாப்பிட எழுந்த இடத்தில் இரண்டு. எத்தனை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள், அப்பாவிடமும் சீராக வரவேண்டும் என்று சொல்லாதீர்கள்.

முடிந்ததும் எனக்கு நாலு அங்குலம் வெட்டி அனுப்புங்கள். இரண்டு சிவப்பு வருகிற இடமாகப் பார்த்து.